கமலி விழுங்கிய ரி

யுவ வருஷம், ஆவணி 28, வெள்ளிக்கிழமை.

இன்று கமலிக்குச் சரளி வரிசையைத் திருத்திவிட்டேன். அதிலிருந்து மனசு ஒரு நிலையில் இல்லை. உடம்பு அசந்து கிடக்கிறது, தூக்கம்தான் வரவில்லை.

மேலே ஏறும்போது கமலி ஒழுங்காகத்தான் பாடுவாள். இறங்கும்போது மட்டும் ரியை விழுங்கிவிட்டு, கடைசிப் படியைத் தாண்டிக் குதிக்கிற மாதிரி ஸவில் போய் உட்காருவாள். என் பெண் பட்டுவும் அப்படியேதான் பாடுவாள். மாசியில் ஜுரத்தில் போகிறவரை அவளுக்கு அது திருந்தவே இல்லை. அதனால் கமலி பாடினால் நான் சுருதிப் பெட்டியைப் போட்டுக்கொண்டு பேசாமல் கேட்டுக்கொண்டிருப்பேன்.

இன்று அவள் அம்மா கூடவே வந்து உட்கார்ந்தாள். "எல்லாரையும் அதட்டறேளே மாமி, இவளை மட்டும் ஏன் விட்டுடறேள்? நவராத்திரி வந்துண்டே இருக்கு. கொலுவுல பாடினா நாலு பேர் சிரிக்க மாட்டாளா?"

பக்கத்தில் இருந்த சின்னி, "ரி அவ வயத்துக்குள்ள பாடறது மாமி!" என்றாள். மற்றக் குழந்தைகள் எல்லாம் சிரித்தார்கள். கமலிக்குக் கண் நிறைந்துவிட்டது.

அதற்கப்புறம் எப்படி விடுவது? மடியில் உட்கார்த்தி, முழங்காலில் தட்டித் தட்டி அவளை ரியில் நிற்க வைத்தேன். கெட்டிக்காரி, சீக்கிரமே பிடித்துக்கொண்டாள்.

"வந்துடுத்தா மாமி?"

"வந்துடுத்துடி கண்ணு."

போகும்போது அதையே பாடிக்கொண்டு போனாள். வாசலில் நின்று, குளத்தங்கரை திரும்புகிறவரை கேட்டேன். ஒரு தடவைகூடத் தப்பவில்லை.