என் கையால் போட்ட முடிச்சு

பிப்ரவரி 9, திங்கள்

தூங்கி எழுந்தால் எனக்கு நேற்று கிடையாது. இரண்டு மாதமாக இப்படித்தானாம். தங்கை ஹனியா சொல்கிறாள். அதற்காகத்தான் இந்த நோட்டு.

என் புருஷன் லஹ்சன் எங்கே என்று கேட்டேன்.

"மச்சான் மெக்னெஸ் டவுனுக்குப் போயிருக்கார்க்கா. வேலை முடிஞ்சா வந்துருவார்."

என் முகத்தைப் பார்க்காமலே சொன்னாள். வெளியே பனி கொட்டுகிறது. கரி போட்டுக் குளிர்காயும் கணப்புச்சட்டியோ மொட்டை மாடியில் கவிழ்ந்து கிடக்கிறது. உள்ளே கொண்டு வா என்றால், காது கேட்காதவள் போல ரொட்டி மாவு பிசைகிறாள்.

பிப்ரவரி 10

நேற்று எழுதியதைப் படித்தேன். அதற்கு முன்னால் பதினோரு பக்கம் கிழிந்திருக்கிறது.

அலமாரிக்கு அடியில் ஒரு மூட்டை. வெள்ளை அங்கி, வெள்ளை முக்காடு, வெள்ளைக் காலுறை. புருஷனைப் பறிகொடுத்தவள் நான்கு மாதம் பத்து நாள் உடுத்துவது.

"பக்கத்து வீட்டம்மாவுது. துவைக்கக் குடுத்தாங்க."

காலுறைக் குதிகாலில் ஒட்டுத் தையல். என் தையல் மாதிரி இருக்கிறது. மாதிரிதான்.

இவள் எதையோ மறைக்கிறாள். பக்கங்களைக் கிழிப்பவளும் இவள்தான். இனி நோட்டைச் சுற்றி நூல் கட்டிவிட்டுத்தான் படுப்பேன். தறியில் நான் போடும் முடிச்சு. தலைகீழாக நின்றாலும் ஹனியாவுக்கு வராது.

பிப்ரவரி 12

நேற்றைய பக்கம் இல்லை. முடிச்சு மட்டும் அப்படியே இருந்தது. என் முடிச்சு.

நோட்டை ஹனியாவிடம் நீட்டினேன். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"நீதாங்க்கா கிழிக்கிறே. விஷயம் தெரியிற அன்னிக்கு வெள்ளையை உடுத்திட்டு அழுவுறே. சாயங்காலம் பக்கத்தைக் கிழிச்சுட்டு, நாளைக்குக் கேட்டா மெக்னெஸ்னு சொல்லுடிங்கிறே. பொய் சொல்லிச் சொல்லி என் நாக்கே அழுகிடும் போல இருக்கு."

ஆஸ்பத்திரியில் நானே சொன்னேனாம். டிசம்பர் குளிரில் கணப்பை அறைக்குள் வைத்தது நான். "ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வை ருக்கையா" என்றிருக்கிறார் லஹ்சன். சாத்தியது நான். இடுக்கில் துணி செருகியதும் நான். கரிப்புகை அவரைக் கொன்றது. என்னிடமிருந்து நேற்றுகளை எடுத்துக்கொண்டது.

நானா? நானேதான். பாவி — கொன்னுட்டு, அவர் மெக்னெஸ்ல இருக்கார்னு நிம்மதியா ரொட்டி தின்னிருக்கேன். கிழிச்ச பக்கத்துக்கு ஒரு நாள்னு வெச்சா, அவருக்காக வெள்ளை உடுத்தினது மொத்தம் பன்னெண்டே நாள்.

இந்தப் பக்கத்துக்கும் கை போகிறது. கிழித்தால் நாளை எனக்கு வலிக்காது. ஹனியாவுக்கு?

பிப்ரவரி 13

பக்கம் இருக்கிறது. படித்தேன்.

பிப்ரவரி 14

இருக்கிறது. கிழிக்க ஓரத்தைப் பிடித்திருக்கிறேன் போல, மடிந்திருக்கிறது.

மார்ச் 3

விழிக்கும்போது ஜன்னல் திறந்து கிடந்தது. போர்வையெல்லாம் சில்லிட்டிருந்தது. எந்த முட்டாள் திறந்து வைத்தது என்று திட்டிக்கொண்டே சாத்தப் போனேன். ஜன்னல் விளிம்பில் இந்த நோட்டு இருந்தது, என் முடிச்சோடு.

படித்து முடித்தேன். சாத்தவில்லை.

வெள்ளை அங்கி கொடியில் இன்னும் காயவில்லை, ஈரத்தோடு உடுத்திக்கொண்டேன். ஹனியா தேநீர் கொண்டு வந்தாள். லஹ்சன் எங்கே என்று அவளிடம் இன்று நான் கேட்கவில்லை.