சிவப்புச் சட்டைக்கு ஒரு நன்றிப் பூசை

செப்டம்பர் 1, திங்கள்

காலையில் மேல்காற்று, குளிர். விரல் விறைப்பு. அதனால்தான் எழுத்து இப்படிக் கோணல். பொய். விறைக்காவிட்டாலும் இப்படித்தான் வரும். மன்னிக்க வேண்டும். யாரிடம் கேட்கிறேன் என்று தெரியவில்லை, இதை வேறு யாரும் படிக்கப் போவதில்லை. இவ்வளவு நல்ல தாளைக் கெடுத்ததற்குத் தாளிடமாவது கேட்கலாம்.

வயது எழுபத்து மூன்று. இந்த வருடம்தான் எழுத்துப் படித்தேன். பள்ளிக்கூடம் போகிற வயதில் ஊரில், பேசாலைக் கடற்கரையில், கரைவலை இழுத்தவன். சனிக்கிழமைகளில் மாதா கோயில் மண்டபத்தில் சுமதி ரீச்சர் சொல்லித் தருகிறார். கோயம்புத்தூர்க்காரி. "தினமும் ஏதாவது எழுதுங்க அய்யா. வீட்டுல சண்டைன்னாலும் அதையே எழுதுங்க" என்றார்.

சண்டை இருக்கிறது. எழுதுகிறேன்.

நேற்றுப் பூசை முடிந்து வெளியே தேத்தண்ணி. பஸ் ஓட்டுகிற அருள் எல்லோருக்கும் கேட்கக் கேட்டான்: "என்ன அங்கிள், பேரனுக்கு இந்த வருசமும் சிவப்புச் சட்டைதானோ? இன்னொரு பூசை குடுப்பமோ?" நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். எதற்கென்று தெரியாமல்.

பேரன் ஜெறோம். மகளின் மகன். அமெரிக்காவில் கல்லூரிப் படிப்பு. படிப்புச் செலவு அவர்கள் பொறுப்பு, பதிலுக்கு அவர்களின் ஃபுட்போல் ஆட வேண்டும். காலால் உதைக்கிற ஆட்டம் இல்லை. பந்தைக் கக்கத்தில் இறுக்கிக்கொண்டு, அலுமாரி போல நிற்கிற ஆட்களுக்குள் புகுந்து ஓடுவது. அப்படி ஓடுகிறவனுக்குப் பெயர் ரன்னிங் பாக். இங்கே பரமட்டாவில் பள்ளி ரக்பியில் இவன் ஓடியதை வீடியோவில் பார்த்துவிட்டுத்தான் கூப்பிட்டார்கள்.

போன வருடம் போனில் சொன்னான்: "அம்மப்பா, கோச் என்னை ரெட் ஷேர்ட் பண்ணிட்டார்." நான் பரிசு என்று நினைத்தேன். நல்லாய் ஓடுகிறவனுக்குத்தானே தனிச் சட்டை கொடுப்பார்கள். அடுத்த ஞாயிறே நன்றிப் பூசை ஒப்புக்கொடுத்தேன். "பேரன் ஜெறோம் சிவப்புச் சட்டை பெற்றமைக்காக" என்று சாமியார் பீடத்தில் நின்று வாசித்தார். சனம் கை தட்டியது. வீட்டுக்கு வந்து கேக் வெட்டினேன்.

நேற்றுக் காரில் வரும்போது மகள் ரெஜினாவிடம் கேட்டேன். றோட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "அந்த வருசம் மட்ச்சில இறக்க மாட்டினம் அப்பா. பயிற்சி மட்டும். அவ்வளவுதான்."

அவ்வளவுதானாம்.

செப்டம்பர் 2, செவ்வாய்

கோபம் ஆறவில்லை. காலைச் சாப்பாடு வேண்டாம் என்றேன். பிறகு பசித்தது. இடியப்பம், சொதி. பேசாமல் சாப்பிட்டேன்.

மருமகன் என்று முழுதாய் எழுத நேரம் போகிறது. இனி மரு. என்று போடுகிறேன்.

சட்டை விசயம் தெரிந்தவர்கள்: மகள், மரு., அருள், அருளின் மனைவி, கோயிலில் பாதிப்பேர்.
தெரியாதவர்கள்: நான். சாமியார். (கேட்டேன். அவருக்குக் கிரிக்கெட் மட்டும்தானாம்.)

மகளும் மரு.வும் அந்தப் பூசையில் எனக்கு இரண்டு பக்கமும் இருந்தார்கள். மரு. கை வேறு தட்டினார்.

மகள்: "அது தண்டனை இல்லை அப்பா. அந்த வருசம் கணக்கில சேராது. பிறகு ஒரு வருசம் கூட விளையாடலாம். சேமிப்பு மாதிரி."

மரு.: "சேமிப்பாம். ஓட வா எண்டு கூட்டிக்கொண்டு போய் வாங்கில குந்த வைச்சிருக்கிறாங்கள். நான் அப்பவே சொன்னனான், வந்து சேரட்டும் எண்டு. வெயர்ஹவுசில இப்ப ஆள் எடுக்கினம்."

மகள்: "அவன் படிச்சு முடிக்கட்டும்."

மரு.: "படிப்பு இஞ்ச இல்லையோ?"

இது பழைய சண்டையாம். ஒரு வருடமாய் என் அறைக் கதவைச் சாத்திவிட்டு நடந்த சண்டை. எனக்குக் காது மந்தம் என்று நினைத்துவிட்டார்கள். சத்தம் கேட்கும், விசயம்தான் விளங்காது.

'ஞ' இன்று நல்லாய் வந்தது. கோபத்தில் எழுத்து நேராய் வருகிறது, அதிசயம்.

செப்டம்பர் 4, வியாழன்

மழை. காயப்போட்ட உடுப்பு எல்லாம் நனைந்து போச்சு.

ஜெறோம் போனில் வந்தான். முகம் மெலிவு, கழுத்து மட்டும் தடிப்பு. மகளை அறைக்கு வெளியே போகச் சொல்லிவிட்டுக் கேட்டேன்.

"சிவப்புச் சட்டை எண்டா என்னெண்டு ஏன் எனக்குச் சொல்லேல்ல?"

"நீங்கள் சந்தோசப்பட்டீங்கள் அம்மப்பா. அண்டைக்கு வேற ஆரும் சந்தோசப்படேல்ல. ஐ லைக்ட் இற். எனக்கு அது பிடிச்சிருந்தது."

எனக்கு இன்னும் கோபம் ஏறியது. அங்கே தனியே கிடந்து துக்கப்பட்டிருக்கிறான், இங்கே நான் கேக் வெட்டியிருக்கிறேன்.

"சரி, இந்த வருசம் இறக்குவினமோ?"

"லிஸ்ற்றில நான் மூண்டாவது."

"மூண்டாவது எண்டா?"

"முன்னுக்கு நிக்கிற ரெண்டு பேருக்கும் ஏலாமப் போனா நான்."

"அப்ப அவங்கட கால் முறிய வேணுமெண்டு செபிக்கவோ?"

"அப்பிடிச் செபிக்கக் கூடாது அம்மப்பா."

எனக்குத் தெரியாதா. கோபத்தில் வந்த கதை. அதே கோபத்தில் இதையும் சொன்னேன்: "அவங்களுக்கு நீ வேண்டாமெண்டா எங்களுக்கு வேணும். வெளிக்கிட்டு வா. கொப்பா சொல்லுறது சரி."

"ஓகே" என்றான். வருகிறேன் என்ற ஓகேயா, பேச்சை முடிக்கிற ஓகேயா, தெரியவில்லை. போன் நின்றுவிட்டது.

மரு.வுக்குச் சந்தோசம். மாலையில் எனக்கு முட்டை றோல் வாங்கி வந்தார். ருசிக்கவில்லை. இரண்டு சாப்பிட்டேன்.

செப்டம்பர் 6, சனி

வகுப்பு. ஜெறோம் என்று பலகையில் எழுதினேன். ரீச்சர்: "அருமை அய்யா. ஆனா கொம்பு ஏன் இவ்ளோ பெருசு? யாரையாச்சும் முட்டப் போறீங்களா?" ஆமாம் என்றேன்.

மாலைப் பூசைக்கே போய்விட்டேன், நாளைக் காலை ஆட்டம் இருப்பதால். அங்கே சனி இரவு, இங்கே ஞாயிறு காலை. அருளும் வந்திருந்தான். பூசை நடுவில் ஆளுக்காள் கை கொடுத்துச் சமாதானம் சொல்கிற நேரம் கையை நீட்டினான். கொடுத்தேன். இறுக்கிக் கொடுத்தேன்.

செப்டம்பர் 7, ஞாயிறு

தந்தையர் தினம். மகள் எனக்கும் மரு.வுக்கும் ஒரே மாதிரிக் காலுறை தந்தாள். வெயில்.

ஒன்பது மணிக்கு ரீவியில் ஆட்டம். அவன் எண் முப்பத்தொன்று. ஆட்டக்காரர் வாங்கில் கூடக் குந்தவில்லை, ஓரத்தில் நின்றான், தலைக்கவசம் கையில். முதலாவது ஆள் நல்லாய் ஓடினான். எனக்குப் பிடிக்கவில்லை.

பிறகு அவனுக்கு முழங்கால். தூக்கிக்கொண்டு போனார்கள். இரண்டாவது ஆள் வந்தான். அரைவாசி ஆட்டத்துக்குப் பிறகு அவனும் நொண்டினான். நான் செபிக்கவில்லை. இதை எழுதி வைக்கிறேன். அப்படி நடக்க வேண்டாம் என்றும் செபிக்கவில்லை.

ஜெறோம் இறங்கினான். மகள் எழும்பி, இருந்த கதிரையின் பின்னால் போய் நின்றுகொண்டாள்.

முதல் தடவை பந்து கொடுத்தார்கள். புகுந்தான், மேலே ஒரு குவியல் ஆட்கள். எல்லோரும் எழும்பிய பிறகு கடைசியாய் எழும்பினான். பிறகு மறுபடி கொடுத்தார்கள். இந்த முறை இடப்பக்கம் ஒரு வெளி. போனான். அவன் அப்படி ஓடி நான் பார்த்ததில்லை. தோளால் ஒருவனை ஒதுக்கினான், இன்னொருவன் புல்லில் கிடந்தான். மகள் கத்தினாள். மரு. எழும்பிவிட்டார், கால்சட்டையில் தேத்தண்ணி கொட்டியது கூடத் தெரியவில்லை.

பின்னால் வந்தவன் கை பந்தில் பட்டது. பந்து வெளியே துள்ளியது. எதிர்ப்பக்கத்தான் அதன் மேல் படுத்துவிட்டான். இனிப் பந்து அவர்களுக்கு.

கோச் முகத்தைக் காட்டினார்கள். ஜெறோமைத் திரும்ப இறக்கவில்லை. நொண்டினவனையே அனுப்பினார்கள். தோல்வி.

மரு. ரீவியை நிப்பாட்டினார். "சரி. முடிஞ்சுது. நாளைக்கு அவனுக்கு பிளேன் ரிக்கெற் போடுறன்."

"என்ன முடிஞ்சுது?" என்று நான் கேட்டேன். எனக்கே என் சத்தம் புதிதாய் இருந்தது. "அவன் ஓடினதை நீர் பாக்கேல்லையோ?"

"பந்தை விட்டிட்டான் மாமா."

"நீர் தேத்தண்ணிக் கோப்பையையே விட்டிட்டீர்."

மகள் சிரித்தாள், பிறகு அழுதாள். ஜெறோம் போன் எடுக்கவில்லை. யாருக்கும் எடுக்கவில்லை.

எனக்கு யார் மேல் கோபம் என்று ஒவ்வொருவராய் யோசித்துப் பார்த்தேன். கோச். மரு. பந்தைத் தட்டினவன். வியாழக்கிழமை 'வா' என்று சொன்ன வாய்.

செப்டம்பர் 8, திங்கள்

வெயில். காற்று இல்லை.

பதினொரு மணிபோல ஜெறோம் எடுத்தான். அம்மாவின் போனுக்கு இல்லை, என் போனுக்கு. கண்ணுக்குக் கீழே வீக்கம்.

"அப்பா மெசேஜ் அனுப்பினவர். ரிக்கெற் போட்டாச்சோ?"

"இன்னும் இல்லை. கொப்பா வேலையால வந்து போடுவார்."

"அப்பா எப்பவும் வா எண்டுதான் சொல்லுவார். அது பழகிட்டுது. நீங்கள் சொல்லுவீங்கள் எண்டு நான் நினைக்கேல்ல அம்மப்பா." கோபமாய்த்தான் சொன்னான். என்னோடு இதுவரை கோபப்பட்டதில்லை. "எனக்கு வர விருப்பமில்லை. ஐ வோண்ட் டு ஸ்ரே. இஞ்சயே நிக்க வேணும்."

"கோச் என்ன சொன்னவர்?"

"இப்ப நான் நாலாவது."

"மூண்டாவதா இருந்தனி."

"ஓம். இப்ப நாலாவது." சிரித்தான். வாயைத் திறந்து சிரிக்க நொந்திருக்க வேண்டும், கன்னத்தைப் பிடித்துக்கொண்டான். "நில் எண்டு சொல்லுங்கோ."

நாலாவது ஆளாய் நிற்பதற்கு ஒருவன் இப்படிக் கெஞ்சுவானா. அவனை நாலாவதாய் வைத்தவன் மேல் எனக்கு வந்த ஆத்திரம் எழுத்தில் வராது, அவ்வளவு எழுத்து நான் இன்னும் படிக்கவில்லை.

"நில்" என்றேன்.

மரு. வேலையால் வந்ததும், சப்பாத்துக் கழற்றும் முன்பே சொன்னேன். "மாமா, வியாழக்கிழமை நீங்கள்தானே..." என்று தொடங்கினார். ஓம், நான்தான், இப்போது வேறு சொல்கிறேன் என்றேன். இரண்டு பேரும் சத்தம் போட்டோம். பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. ரிக்கெற் இன்று போடவில்லை. நாளை போடமாட்டார் என்று மகள் சொல்கிறாள். இப்போது குசினியில் பாத்திரங்களைத் தடார் தடார் என்று வைக்கிறார். வைக்கட்டும்.

வருகிற ஞாயிறும் ஒன்பது மணிக்கு ஆட்டம். அவனை இறக்கினாலும் சரி, ஓரத்தில் நிறுத்தி வைத்தாலும் சரி, ரீவி நின்றதும் இங்கே வந்து குந்தி எழுதுவேன். கோபம் அதற்குள் ஆறாது.