பெண்கள் ஆட்டம்

ஏப்ரல் 6, 1997, ஞாயிறு

இன்றும் எங்கள் த்ரோபால் நெட்டைக் கழற்றிச் சுருட்டிப் போட்டிருந்தார்கள். சர்ச்சில் பூசை முடிந்து நாங்கள் மைதானத்துக்குப் போனால் இரண்டு கம்பமும் மொட்டையாக நிற்கிறது, பையன்கள் ஃபுட்பால் ஆடிக்கொண்டிருக்கிறார்கள். ஞாயிறு காலை எங்கள் நேரம் என்று கமிட்டியிலேயே பேசி முடித்த விஷயம். டென்சிலைப் பிடித்துக் கேட்டேன். இவருடைய தம்பி, எனக்குக் கொழுந்தன், விடிவெள்ளி சங்கத்துக்குச் செயலாளர். "ஸ்வல்ப அட்ஜஸ்ட் பண்ணிக்குங்க அண்ணி, பசங்களுக்கு டோர்னமெண்ட் வருது" என்றான்.

எங்களுக்கு எப்போது வரும்? த்ரோபால் ஆட ஆரம்பித்ததிலிருந்து எங்களுக்குள்ளேயே இரண்டாகப் பிரிந்து ஆடிக்கொண்டிருக்கிறோம். சாந்தகுமாரி எந்தப் பக்கம் எறிவாள் என்று எனக்குத் தெரியும். நான் எங்கே நிற்பேன் என்று அவளுக்குத் தெரியும். வேறு ஊர்க்காரி ஒருத்தி எறிந்த பந்தை நான் இதுவரை பிடித்ததே இல்லை. முப்பத்தெட்டு வயதாகிறது. முழங்கால் இப்போதே காலையில் முனகுகிறது. எனக்கு ஒரே ஒரு நிஜமான மேட்ச் ஆட வேண்டும். அவ்வளவுதான் கேட்கிறேன்.

ஏப்ரல் 7

கோபம் போகவில்லை. ஆஸ்பத்திரி டெலிபோன் போர்டில் உட்கார்ந்து, பெரிய டாக்டருக்கு வந்த போன் காலைச் சமையலறைக்குப் போட்டுவிட்டேன்.

ஏப்ரல் 13, ஞாயிறு

சங்கக் கூட்டம். பெங்களூரிலிருந்து ஒரு ராத்திரி பஸ் தூரம், குந்தாபுரம் பக்கம் தெங்கினகட்டே என்று ஒரு கடலோர ஊர். மே மாதம் அங்கே கோடை விழா. பாட்டு, நாடகம், மணலில் விளையாட்டு எல்லாம் உண்டு. நம் சங்கத்து பேண்டு போன வருஷமே போய் வாசித்துவிட்டு வந்தது. இவர் அதில்தான் ட்ரம்பெட். இந்த வருஷம் பையன்களின் வாலிபால் டீமும் போகிறதாம். நான் எழுந்து, அங்கே பெண்களுக்கு த்ரோபால் போட்டி இருக்கிறதாமே, நாங்களும் வருகிறோம் என்றேன். எல்லோரும் சீலிங் ஃபேனைப் பார்த்தார்கள்.

சாந்தகுமாரிதான் பின்னாலிருந்து, "ஏன், கடல் ஆம்பளைங்களுக்கு மட்டும் தானா?" என்று கேட்டாள். தலைவர் சிரித்துவிட்டார். சிரித்த வாயால் வேண்டாம் என்று சொல்ல முடியவில்லை. போகிறோம்.

ஏப்ரல் 15

சந்தோஷமாக எழுத வேண்டிய நாள். எழுத முடியவில்லை.

விழாக்காரர்களுக்குப் போன் போட்டுச் சொல்ல வேண்டும். நான் பேசுகிறேன் என்றேன். காலையிலிருந்து சாயங்காலம் வரை தமிழ், கன்னடம், இங்கிலீஷ், இந்தி என்று போனில் பேசித்தான் சம்பளம் வாங்குகிறேன். அதற்கு டென்சில், "சங்கத்து விஷயம் அண்ணி, செகரட்டரிதான் பேசணும். லேடீஸ் பேசினா சீரியஸா எடுத்துக்க மாட்டாங்க" என்றான். எஸ்.டி.டி. பூத்துக்குள் போய்க் கண்ணாடிக் கதவைச் சாத்திக்கொண்டான். நான் வெளியே வெயிலில் நிற்கிறேன். அவன் வாய் அசைவது மட்டும் தெரிகிறது, ஒரு சொல் கேட்கவில்லை. எனக்காகப் பேசும் பேச்சு, எனக்கே கேட்கக்கூடாது!

வெளியே வந்து, "முடிஞ்சுது, ரொம்ப சந்தோஷப்பட்டாங்க" என்றான்.

"என்ன கேட்டாங்க?"

"ஒண்ணும் கேக்கல. சரி சரின்னாங்க."

எதிர்முனையில் ஒன்றுமே கேட்காமல் சரி சரி என்றால் அந்தப் பேச்சை நான் நம்புவதில்லை. பாதி புரியாதவர்கள்தான் அப்படிச் சொல்வார்கள். இவரிடம் வந்து புலம்பினேன். "விடு பிரிஜெட், சின்னப் பையன்" என்றார். சின்னப் பையனுக்கு முன்வழுக்கை விழுந்தாயிற்று. இவருக்கு வாயில் ட்ரம்பெட் இருந்தால்தான் சத்தம் வரும்.

ஏப்ரல் 27, ஞாயிறு

நல்ல பயிற்சி. சாந்தகுமாரி கார்மெண்ட் கம்பெனியில் தைக்கிறவள், எங்கள் எல்லோருக்கும் ஒரே மாதிரி நீலப் பேண்ட் தைத்துக் கொண்டுவந்தாள். ஆஞ்சலா சர்வீஸ் போட்டால் பந்து வருவது தெரிகிறது, இறங்குவது தெரியவில்லை. நர்ஸிங் படிக்கிற பெண், இத்தனை கோபத்தை எங்கே வைத்திருக்கிறாளோ. பேண்ட்டைப் பார்த்து அவள் அப்பா, "இது என்ன வேஷம்" என்று கத்தினாராம். அதனால்தான் இப்படி எறிகிறாள்.

மே 9, வெள்ளி

பஸ்ஸில் டிரம்முக்கு ஒரு சீட், ஸ்பீக்கருக்கு ஒரு சீட். ஆஞ்சலாவும் இன்னொருத்தியும் படிக்கட்டுப் பக்கம் பையின் மேல் உட்கார்ந்திருக்கிறார்கள். "ஸ்பீக்கர் அடிபட்டுடும் அண்ணி." இவளுக்கு அடிபட்டால்? எழுதினால் கிழிந்துவிடும் போலிருக்கிறது தாள். போதும்.

மே 10, சனி — தெங்கினகட்டே

எங்கே ஆரம்பிப்பது?

காலையில் வந்து இறங்கினோம். தென்னந்தோப்புக்கு அந்தப் பக்கம் கடல். சாந்தகுமாரி முதல் தடவையாகப் பார்க்கிறாள், செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு நின்றாள். அந்த ஐந்து நிமிஷம் நன்றாக இருந்தது.

பிறகு ஒரு தொண்டர் வந்து, பெங்களூர்ப் பெண்களா, இப்படி வாருங்கள் என்று மிகுந்த மரியாதையோடு கூட்டிப்போனார். மைதானத்துக்கு இல்லை. மேடைக்குப் பின்னால் ஒரு ஓலைக் கொட்டகைக்கு. உள்ளே ஒருவர் முகம் பார்க்கும் கண்ணாடியை மாட்டி வைத்து, கிண்ணம் கிண்ணமாகச் சாயம் குழைத்துக்கொண்டிருந்தார். "வேஷ எஷ்டு?" என்றார். எத்தனை வேஷம் என்கிறார். யூனிஃபார்மைக் கேட்கிறார் என்று நினைத்து, ஆட உள்ளே ஏழு பேர், மாற்றுக்கு வெளியே ஐந்து பேர் என்றேன். அவர் குழம்பிப்போய் எங்கள் எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, சாந்தகுமாரியிடம் விரலை நீட்டி, "இவர்தான் பீமனா?" என்று கேட்டார். அவள் அடிக்கப் போய்விட்டாள். பிடித்து இழுத்தோம்.

விழாவை நடத்துகிற பாஸ்கர சேரிகார் ஓடிவந்தார். நல்ல மனிதர், சட்டையெல்லாம் வியர்வை. அவர் சொல்லித்தான் விஷயம் விளங்கியது. இந்தக் கடலோரத்தில் 'ஆட்ட' என்றால் ஒன்றே ஒன்றுதான், யட்சகானம். கிரீடம் வைத்து, முகத்தில் சாயம் பூசி, செண்டை மேளத்தோடு ஆடுவார்களே, அது. பந்து ஆடுவதையெல்லாம் அந்தப் பெயரில் யாரும் சொல்வதில்லை. பெங்களூரிலிருந்து ஒரு பெண்கள் யட்சகானக் கோஷ்டி வருகிறது என்று ஊரே பூரித்துப்போய் இருக்கிறது. இரண்டு நாளாக மைக் கட்டி ஆட்டோவில் சொல்லிக்கொண்டு போகிறார்கள். இன்று சாயங்காலம் மேடை எங்களுக்கு. த்ரோபாலா? அதற்கு அணிகள் முடிவாகி, முதல் சுற்றே ஆரம்பித்தாயிற்று. இனிமேல் சேர்க்க முடியாது, மன்னிக்க வேண்டும்.

டென்சிலைப் பிடித்தேன். "போன்ல என்ன சொன்னே? நீ சொன்ன வார்த்தையை அப்படியே சொல்லு."

"அதான்... நம்ம ஹெங்கசர ஆட்ட இதே சார்னு சொன்னேன். நம்ம பொம்பளைங்க ஆட்டம் இருக்குன்னு."

"த்ரோபால்னு ஒரு வார்த்தை வாயில வரலையா?"

"ஆட்டம்னா ஆட்டம்தானே அண்ணி. இந்த ஊர்ல இப்படின்னு யாருக்குத் தெரியும்?"

யாருக்கும் தெரியாதுதான். கேட்டால் தெரிந்திருக்கும். எத்தனை பேர், எந்த மைதானம், எதிரில் யார் என்று ஒரு கேள்வி கேட்டிருந்தால் அந்த நிமிஷமே குட்டு உடைந்திருக்கும். கேட்கவில்லை. ஏனென்றால் அவனுக்கு அக்கறை இல்லை. பொம்பளைங்க ஆட்டம், அவ்வளவுதான் அவனுக்கு. அதற்கு மேல் ஒரு வார்த்தை செலவு பண்ண மனசு வரவில்லை.

அதோடு விட்டானா? "சரி விடுங்க அண்ணி, மேடை இருக்கு, டைம் இருக்கு. ஒரு கோலாட்டம் ஆடிடுங்க. கிறிஸ்மஸுக்கு ஆடுவீங்கல்ல" என்றான்.

கத்திவிட்டேன். "மூஞ்சியில சாயத்தைப் பூசிக்கிட்டு உன் மானத்தைக் காப்பாத்த நான் கோல் தட்டணுமாடா? உனக்கு வேணும்னா நெட்டைக் கழட்டுவே, எங்களுக்குச் சீட்டு இல்லேன்னா பை மேல உக்கார வைப்பே, இப்போ ஆடுன்னா ஆடணும். நான் என்ன நீ சாவி குடுத்தா ஆடுற பொம்மையா?" கொட்டகையில் இருந்தவர்கள் எல்லோரும் பார்த்தார்கள். பார்க்கட்டும்.

இவர் அப்போதுதான், "டென்சில், வாயை மூடிட்டு வெளிய போ" என்றார். கல்யாணமான நாளிலிருந்து தம்பியிடம் இவர் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை. அதற்கும் எனக்குக் கோபம்தான் வந்தது. ஏப்ரலிலேயே சொல்லியிருக்கலாம் அல்லவா?

மே 11, ஞாயிறு

நேற்றைய கதையின் மீதி.

சேரிகாரிடம் போய், மேடை ஆட்டத்துக்குத்தானே ஒதுக்கியிருக்கிறீர்கள், நாங்கள் ஆட்டமே ஆடுகிறோம், எதிரில் நிற்க ஒரு டீம் கொடுங்கள், மேடைக்கு முன்னால் மணலில் நெட்டைக் கட்டுங்கள் என்றேன். அவர் தலையைச் சொறிந்தார். ஜனங்கள் யட்சகானம் பார்க்கப் பாய் விரித்து உட்கார்ந்துவிட்டார்களே, கல்லை விட்டு எறிவார்கள் என்றார். அந்த நேரம் பார்த்து, மத்தியானம் கப் ஜெயித்த உள்ளூர் டீம் அங்கே டீ குடித்துக்கொண்டிருந்தது. எல்லோரும் மீன் விற்கிற பெண்கள். கேப்டன் பெயர் ஜலஜா, என் வயதுதான் இருக்கும். நான் பேசியதைக் கடைசி வரை கேட்டாள். டம்ளரைக் கீழே வைத்தாள், கொண்டையை அவிழ்த்து இறுக்கி முடிந்தாள். "பர்லி பிடி" என்றாள். வரட்டும், விடுங்கள்.

செண்டைக்காரர்கள் இரண்டு பேர் வேலை இல்லாமல் மேடையில் உட்கார்ந்திருந்தார்கள். முதலில் ஜனங்கள் கத்தினார்கள், வேஷம் எங்கே, கிரீடம் எங்கே என்று. ஆஞ்சலா முதல் சர்வீஸ் போட்டாள். பந்து மணலில் இறங்கிய அதே நொடி செண்டைக்காரர் ஒரு அடி அடித்தார். கூட்டம் வாயை மூடியது. அதற்குப் பிறகு ஒவ்வொரு எறிக்கும் ஒரு அடி, பந்து விழுந்தால் ஒரு உருட்டு. சாந்தகுமாரி முன்னால் வந்து நின்றாலே பையன்கள் "பீமா, பீமா" என்று கூவினார்கள். அவளும் கடைசியில் தோளைத் தட்டிக் காட்டினாள்.

மணல் காலை விடவில்லை. முதல் செட் மோசமாகத் தோற்றோம். ஜலஜா எறிகிற பந்து எங்கள் ஊர்ப் பந்து மாதிரி வருவதே இல்லை, தாழ வந்து முகத்துக்கு நேரே எழும்புகிறது. இரண்டு முறை விட்டேன். மூன்றாவதைப் பிடித்தேன். உள்ளங்கை எரிந்தது. வேறு ஊர்க்காரியின் பந்து! அந்த எரிச்சல் இன்றும் கையில் இருக்கிறது, போகக்கூடாது என்று நினைக்கிறேன். இரண்டாவது செட் எங்களுக்கு.

மூன்றாவதில் கடைசி வரை சமமாக வந்தோம். அப்புறம் அவர்கள் ஜெயிக்க ஒரே ஒரு பாயிண்ட் பாக்கி. ஜலஜா எறிந்தாள், பிடித்தேன். பிடித்ததும் எறிந்துவிட வேண்டும், வைத்துக்கொண்டு நின்றால் ஃபவுல். அந்த நேரம் ஸ்பீக்கரில் டென்சில் குரல். மேடை ஏறி மைக்கைப் பிடித்துக் கன்னடத்தில், இந்தப் புதுமையான நிகழ்ச்சியைத் திட்டமிட்டு வழங்குவது எங்கள் விடிவெள்ளி சங்கம் என்கிறான். திட்டமிட்டு! பந்தைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே திரும்பி அவனைப் பார்த்தேன். விசில் ஊதிவிட்டார்கள்.

தோற்றுவிட்டேன். அவனைப் பார்த்து நின்றதால் தோற்றேன்.

ஜலஜா நெட்டுக்கு அடியில் குனிந்து இந்தப் பக்கம் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். மீன் வாசனை, கை நிறைய மணல். "அவன்ன நோட்பேடி. செண்டு நோடி" என்றாள். அவனைப் பார்க்காதே, பந்தைப் பார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

மே 18, ஞாயிறு

கூட்டத்தில் டென்சில் அறிக்கை வாசித்தான். "மகளிர் நிகழ்ச்சி பெரும் பாராட்டு பெற்றது." நான் எழுந்து, ஆட்டக் கதையை முழுக்க ஒரு வரி விடாமல் சொன்னேன். வேஷம், பீமன், கோலாட்டம், மைக் எல்லாம். கத்தவில்லை. போர்டில் பேசுகிற குரலிலேயே சொன்னேன். தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். முடிவு: ஞாயிறு காலை நெட்டை யாரும் தொடக்கூடாது. மகளிர் பிரிவுக்கு நான் செயலாளர்.

டென்சில் இன்று மத்தியானம் வீட்டுக்குச் சாப்பிட வரவில்லை. மிச்சமான கறியைச் சாந்தகுமாரிக்குக் கொடுத்தனுப்பினேன்.

ஜூன் 1, ஞாயிறு

நெட் இருந்தது.

ஏப்ரல் 19, 1998, ஞாயிறு

தெங்கினகட்டேக்குப் போன் போடப் போனேன். எப்படித்தான் மூக்கில் வேர்த்ததோ, பூத்துக்குப் பக்கத்தில் டென்சில் நிற்கிறான். "பசங்க வாலிபாலுக்கும் சேர்த்துச் சொல்லணும் அண்ணி. நானே பேசிடட்டுமா?"

"நான் சொல்றேன்" என்று உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

சேரிகார்தான் எடுத்தார். குரலைக் கேட்டதுமே சிரித்து, இந்த வருஷம் ஆட்டமா, பந்தா என்றார். பெண்கள் த்ரோபால், பகலில் போட்டியில் எங்கள் பெயர், சாயங்காலம் மேடைக்கு முன்னால் ஜலஜா டீமோடு ஒரு மேட்ச், செண்டை வேண்டும், மைக் வேண்டாம் என்றேன். எழுதிக்கொண்டேன் என்றார். எழுதியதைத் திரும்பப் படியுங்கள் என்றேன். படித்தார். த்ரோபால் என்ற வார்த்தையை மட்டும் இன்னொரு முறை சொல்லச் சொன்னேன்.

கண்ணாடிக்கு வெளியே டென்சில் வெயிலில் கையை நெற்றிக்கு மேல் வைத்துக்கொண்டு ஏதோ சொன்னான். வாய் அசைந்தது. கேட்கவில்லை.