உங்கள் பெயர், எங்கள் விலாசம்

மச்சாள்,

நேற்றுக் காலை அம்மாவின் கண்ணாடியைத் தேடி அலுமாரியைக் கிண்டியபோது உங்கள் கிளினிக் கொப்பி கையில் வந்தது. பழைய கலண்டர்த் தாளால் உறை போட்டிருந்தீர்கள். உறையில் உங்கள் பெயர், கீழே எங்கள் மண்டைதீவு வீட்டு விலாசம். நீங்கள் குடியிருந்த நெடுந்தீவின் பெயர் கொப்பியில் எங்குமே இல்லை.

முதலில் சிரிப்புத்தான் வந்தது. பிறகு என் வேலை நினைவுக்கு வந்தது. அப்படியே கட்டிலில் இருந்துவிட்டேன்.

காப்புறுதிக் கணிப்பாளர் என்றால் என்ன வேலை என்று ஒருமுறை கேட்டீர்கள். எந்த ஊரில் எத்தனை பேருக்கு நோய் வரும் என்று முன்கூட்டிக் கணிப்பது, அதை வைத்துத்தான் காப்புறுதி விதிகளை எழுதுவார்கள் என்றேன்.

"அப்ப எனக்கு எப்ப வருத்தம் வருமெண்டு சொல்லும் பாப்பம்."

"ஒரு ஆளுக்குச் சொல்ல ஏலாது மச்சாள். ஊருக்குத்தான் சொல்லலாம்."

"ஊருக்கு எங்க வருத்தம் வாறது? ஆக்களுக்கெல்லோ வரும்" என்றுவிட்டுக் குழம்பைப் பார்க்கக் குசினிக்குள் போய்விட்டீர்கள். படித்த திமிரில் எனக்கு அது பகிடியாகத்தான் பட்டது.

கிளினிக்குக்கு முதல்நாளே கடல் கடந்து எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவீர்கள். சோளகக் காற்றுக் காலத்தில் அடுத்தநாள் படகு ஓடும் என்று உங்களுக்கு நம்பிக்கையில்லை. கடல் ஆட்டிய ஆட்டத்தில் முகம் வெளிறியிருக்கும். ஆனாலும் செருப்பைக் கழற்றும்போதே அம்மாவைச் சீண்டத் தொடங்கிவிடுவீர்கள். உங்களை மூன்று முறை பெரியாஸ்பத்திரி வார்டில் மறித்து வைத்திருந்தபோதும் எங்கள் வீட்டிலிருந்துதான் சாப்பாடு வந்தது. அங்கே எந்த விலாசத்தைக் கொடுத்தீர்கள் என்று நான் யோசித்ததே இல்லை.

இப்போது யோசித்தே ஆகவேண்டும். புதிய சுகாதாரக் காப்புறுதி விதிகளை எழுதும் குழு வருகிற வியாழக்கிழமை முடிவெடுக்கிறது. அவர்கள் முன்னால் இருப்பது நான் கையெழுத்திட்ட அட்டவணை. ஆஸ்பத்திரியில் சேர்ந்தவர்களை விலாசத்தை வைத்து ஊர் ஊராகப் பிரித்திருந்தேன். அதில் தீவுகளிலேயே நோய் குறைந்த ஊர் நெடுந்தீவு. "நல்ல கடற்காற்றுப் போல" என்று கூட்டத்தில் ஒருவர் சொல்ல, நானும் சேர்ந்து சிரித்தேன். அவசர நோயாளியைப் படகில் கொண்டுவருவதற்கும் காப்புறுதி கட்டாயம் பொறுப்பேற்க வேண்டும் என்று வரைவில் ஒரு வரி இருந்தது. என் அட்டவணையைப் பார்த்துவிட்டு, தேவையில்லை என்று அதை வெட்டிவிட்டார்கள்.

கொப்பியை அம்மாவிடம் காட்டினேன்.

"இதிலென்ன புதினம்? நெடுந்தீவு ஆக்கள் கனபேர் அப்பிடித்தான் குடுக்கிறவை. இஞ்சால தங்கி நிக்கிற வீட்டு விலாசம். ஆஸ்பத்திரியால அவசரமாக் கூப்பிட்டால் ஆரும் ஓடிப்போக வேணுமெல்லோ."

நான் மண்டைதீவில் பிறந்து வளர்ந்தவள், மச்சாள். கொழும்பிலிருந்து வந்த யாருக்காவது இது தெரியாமல் போயிருந்தால் மன்னிக்கலாம். நீங்கள் படுத்த கட்டிலில் இருந்துகொண்டே அந்த அட்டவணையின் பாதியைப் போட்டேன். வெட்கமாக இருக்கிறது.

அதைவிட மோசம் ஒன்று இருக்கிறது. அந்தக் கடைசி நாள் காலையில் உங்களுக்கு நெஞ்சுநோ வந்தபோது கடல் கொந்தளிப்பு. படகு கிடைத்துப் புறப்படவே மத்தியானமாகிவிட்டது. இக்கரையில் குறிகட்டுவான் இறங்குதுறையைக் காணுமுன்னரே நீங்கள் போய்விட்டீர்கள். ஆஸ்பத்திரி வாசலுக்கு வந்து சேராதவருக்கு அங்கே பதிவு இல்லை. உயிரோடு வந்த மூன்று முறையும் நீங்கள் மண்டைதீவு நோயாளி. நான்காவது முறை எந்த ஊர்க் கணக்கிலும் இல்லை.

நேற்று மத்தியானமே குழுத் தலைவருக்கு எழுதினேன். அட்டவணை பிழை, கையெழுத்தை மீளப் பெறுகிறேன் என்று. அனுப்பிய பிறகுதான் பயம் பிடித்தது. இந்த விதிகளில் நல்லதும் இருக்கிறது. முன்பே நோயுள்ளவரைக் காப்புறுதியில் சேர்க்காமல் தள்ளிவிட முடியாது என்பதும் இதில்தான் வருகிறது. என்னால் எல்லாமே கிடப்பில் போனால்?

இன்று காலை அவர் தொலைபேசியில் வந்தார். குரலில் கோபம் இருந்தது.

"வைச்ச கையெழுத்தை இப்ப எடுத்தால் எல்லாம் பின்னுக்குப் போகும், விளங்குதோ? வியாழக்கிழமை நீரே வந்து குழுவுக்கு விளக்கம் சொல்லும். சரி, இப்பிடி எத்தினை பேர் விடுபட்டிருப்பினம்?"

"தெரியாது ஐயா."

"என்ன, தெரியாதோ? அதைச் சொல்லத்தானே உம்மை வைச்சிருக்கிறம்."

இத்தனை வருடத்தில் இந்த வேலையில் நான் அப்படி ஒரு பதில் சொன்னதில்லை. உத்தேசமாகவாவது ஓர் எண் எப்போதும் வாயில் இருக்கும். இம்முறை இல்லை. வியாழக்கிழமையும் இருக்காது. அவர்கள் திரும்பவும் கேட்பார்கள், மச்சாள். எனக்குத் தெரிந்தது ஓர் ஆளின் பெயர் மட்டும். அதைத்தான் சொல்லப்போகிறேன்.