தோற்றவர் கழுத்துக்கு ஒரு மட்டை

வியாழன், 20 பெப்ரவரி 1997

காலை மழை. பின்னேரம் வெயில். வேலை வீட்டு அம்மா, சிஞ்ஞோராவின் யன்னல்கள் எட்டையும் துடைத்து முடியத்தான் மழை வந்தது. திரும்பவும் துடைப்பு. ஒரு மணிக்கு விடுதலை. வியாழன் பின்னேரம் இந்த இத்தாலி ஊரில் வீட்டு வேலைக்காரர் எல்லோருக்கும் லீவு. அதனால்தான் தமிழ் வகுப்பும் வியாழன்.

பதினொரு பிள்ளைகள். பாதிரியார் தந்த அறையில் ஹீட்டர் இன்னும் பழுது. சோக் கட்டி முடிகிறது, வாங்க வேண்டும்.

வழக்கம்போல் முதலில் உதைபந்துக் கதை. ஞாயிறு ஆட்டத்தில் யார் வென்றது, யார் தோற்றது. முதல் வருஷம் இதுகளைத் தமிழில் வாய் திறக்க வைக்க நான் பட்ட பாடு. பாட்டுக்கும் மசியவில்லை, கதைக்கும் மசியவில்லை. பந்து என்றதும் ஒன்றையொன்று முந்திக்கொண்டு கதைத்ததுகள். அன்றிலிருந்து சட்டம்: நான் பகிடி விடுவேன், அவர்களும் என்னைப் பகிடி விடலாம், தமிழில் மட்டும். தோற்ற அணியின் ஆள் அன்று முழுக்க ஒரு காட்போட் மட்டையைக் கழுத்தில் மாட்டியிருக்க வேண்டும். அதில் என்ன எழுதுவது என்பது மற்றவர்களின் தீர்மானம். எழுத்துப் பயிற்சியும் ஆச்சு. இதுவரை எழுதியவை: தோத்தாங்குளி. ஓட்டைக் கால். மூக்குடைபட்டவர். நான் இந்தப் பலெர்மோ நகரத்து ரோஸ் கறுப்பு அணிக்காரி, ஆகவே அடிக்கடி மாட்டுவது நான்.

தர்ஷினி மட்டும் கறுப்பு வெள்ளை, தொரீனோ நகரத்து அணி. அவள் தாய் யோகா வேலை செய்கிற வீட்டு ஐயா கொடுத்த ஸ்கார்ஃப், மார்கழியிலிருந்து கழற்றவில்லை. பத்து வயது. வாய் பத்து முழம்.

இன்று நான் மட்டையோடு நிற்க, "ஐயோ பாவம் ரீச்சர், உங்கட ஆக்களுக்குப் பந்து வட்டமா சதுரமா எண்டு தெரியாதோ?" என்றாள். சபை சிரித்தது. நான் விடுவேனா. "பலெர்மோத் தண்ணியைக் குடிச்சுக்கொண்டு தொரீனோக்குக் கை தட்டுறியோ? நீ துரோகியடி."

பிள்ளைகள் பிடித்துக்கொண்டார்கள். எழுதுங்கோ ரீச்சர், எழுதுங்கோ. புது மட்டை. நானே கொட்டை எழுத்தில் எழுதி, கம்பளி நூல் கோத்து மாட்டிவிட்டேன்.

"துரோகி எண்டா என்ன ரீச்சர்?"

"கட்சி மாறினவள்."

"நான் மாறேல்லையே. முதலிலயிருந்தே கறுப்பு வெள்ளைதானே."

சிரித்துச் சிரித்து எனக்குக் கண்ணில் தண்ணீர். மட்டையைக் கழற்றாமலே பஸ் ஏறினாள். யன்னலுக்குள்ளால் தூக்கிக் காட்டினாள். வகுப்புக்குப் போய் இவ்வளவு சந்தோஷத்தோடு வீடு வந்து கனகாலம்.

சனி, 22 பெப்ரவரி

சிரோக்கோக் காற்று. வேலை வீடு முழுக்கப் பாலைவன மண். மேசைகள், புத்தகத் தட்டு, பியானோ, எல்லாம் இரண்டு தரம் துடைப்பு.

வவுனியாவால் சுற்றி ஒரு கடிதம் வந்தது. வன்னியில் அக்காவோடு இருக்கிற என் மகள் துளசி எழுதியது. கார்த்திகை மாதத் திகதி.

"அன்புள்ள அம்மா அவர்கட்கு. நலம், நலமறிய ஆவல். நான் ஐந்தாம் வகுப்பில் படிக்கிறேன். பெரியம்மா சொற்கேட்டு நடக்கிறேன். இப்படிக்கு அன்பு மகள்."

அவர்கட்கு. பெற்ற தாய்க்கு. யாரோ பக்கத்தில் இருந்து சொல்லிக் கொடுத்திருப்பார்கள். விட்டுவிட்டு வரும்போது நாலு வயது. வெளிக்கிடுகிற அன்று என் செருப்பை ஒளித்து வைத்துவிட்டு "தேடு பாப்பம்" என்று ஆட்டம் காட்டியவள். இப்போது கடிதத்தில் ஒரு சின்னக் கோபம்கூட இல்லை. ஏன் என்னை விட்டிட்டுப் போனனீ என்று கேட்டிருந்தால்கூட நெஞ்சில் வைத்துக்கொண்டு படுத்திருப்பேன்.

பகிடி விட ஆள் பக்கத்தில் இருக்க வேண்டும். மூன்று மாதம் ஓடுகிற கடிதத்தில் என்ன பகிடி.

தர்ஷினியும் அதே வயது. அவளோடு மல்லுக்கட்டும்போது நான் யாரோடு மல்லுக்கட்டுகிறேன் என்று எனக்குத் தெரியும். ஒருவரிடமும் சொன்னதில்லை.

குவெஸ்தூராப் பொலிஸ் கந்தோரில் துளசியை இங்கை எடுக்கிற பேப்பர் விஷயம் கேட்க வேண்டும். செவ்வாய்? சிஞ்ஞோரா விட்டால்.

வியாழன், 27 பெப்ரவரி

வெயில். சோக் வாங்கியாச்சு.

தர்ஷினி வரவில்லை. காய்ச்சல் சுற்றுகிற காலம். நாலு மணி வரை கதவைப் பார்த்துப் பார்த்துப் பாடம்.

"இண்டைக்கு ஆருக்கு மட்டை ரீச்சர்?"

"ஒருத்தருக்கும் இல்லை. கொப்பியை எடுங்கோ."

எடுத்தார்கள். கொஞ்ச நேரத்தில் இத்தாலியனில் குசுகுசு. முன் வாங்கிலில் அவள் இடத்தில் வேறொருத்தி வந்து இருக்கப் பார்த்தாள். அது ஆளிருக்கிற இடம் என்று எழுப்பிவிட்டேன். என்ன விசர் எனக்கு.

பின்னேரம் யோகாவுக்கு ரெலிபோன் எடுத்தேன். ஹலோ என்றாள். நான் ரீச்சர் கதைக்கிறன் என்றேன். வைத்துவிட்டாள். திரும்ப எடுத்தேன். அடித்துக்கொண்டே இருந்தது.

ஞாயிறு, 2 மார்ச்

கபோச் சந்தைக்குப் போனேன். சந்தை பாதிதான் திறந்திருந்தது. தோடம்பழம் ஒரு கிலோ, காய்ச்சல்காரிக்கு. பக்கத்தில்தான் யோகா வீடு, மூன்றாம் மாடி.

கதவைப் பாதி திறந்துகொண்டு நின்றாள். வாங்கோ என்று சொல்லவில்லை. தர்ஷினி கீழ் வீட்டுப் பிள்ளையோடு விளையாடப் போயிருக்கிறாளாம்.

"பிள்ளைக்குச் சுகமில்லையோ?"

"சுகமாத்தான் இருக்கிறாள்."

உள்ளே போய் மட்டையைக் கொண்டுவந்தாள். நாலாகக் கிழித்திருந்தது. அந்த நாலையும் எறியாமல் வைத்திருந்தாள்.

"இது உங்கட எழுத்துத்தானே ரீச்சர்?"

"ஓம். அது பந்து விளையாட்டுப் பகிடி..."

"இவளின்ர தகப்பன் ஷெல் பட்டுச் செத்தவர் எண்டு இஞ்சை எல்லாருக்கும் சொல்லியிருக்கிறன். அவளுக்கும் அப்பிடித்தான். ஷெல் இல்லை. எங்கட இயக்கப் பெடியங்கள்தான் லைட் போஸ்ற்றில கட்டிச் சுட்டவங்கள். கழுத்தில மட்டை. அதில இந்தச் சொல்லுத்தான். நான்தான் கழட்டினனான்."

சுவரைப் பிடித்துக்கொண்டேன். அவள் குரல் உயரவேயில்லை.

"சிரிச்சுக்கொண்டு படி ஏறி வாறாள், அதைக் கழுத்தில போட்டுக்கொண்டு. அம்மா பாருங்கோ, ரீச்சர் எழுதித் தந்தவ எண்டு. நான் கத்திப்போட்டன். அடிச்சும் போட்டன். ஏனம்மா ஏனம்மா எண்டு அழுதாள். உன்ர அப்பாவுக்கும் இதைத்தானடி போட்டவங்கள் எண்டு வாயில வந்திட்டுது. அதுக்குப் பிறகு ஒண்டும் கேக்கிறாளில்லை. அதுதான் எனக்குப் பயம்."

"மன்னிச்சுக்கொள்ளுங்கோ யோகா. தெரியாமல்..."

"தெரியாது எண்டு மட்டும் சொல்லாதேங்கோ. எங்கட சனத்தில அந்தச் சொல் தெரியாத ஆள் ஆர்?"

வகுப்புக்கு அனுப்புவீர்களா என்று கேட்டேன். கேட்க எனக்கு என்ன உரிமை. பிள்ளை கேட்டால் அனுப்புகிறேன் என்றாள். கதவைச் சாத்தினாள். தோடம்பழத்தை வாசலில் வைத்துவிட்டு வந்தேன்.

திங்கள், 3 மார்ச்

வேலையில் ஒரு கோப்பை உடைத்தேன். சிஞ்ஞோரா என் முகத்தைப் பார்த்துவிட்டு வெள்ளன வீட்டுக்குப் போகச் சொன்னா.

யோகா சொன்னது சரி. எனக்குத் தெரியும். அங்கை ஊரில் நான் படிப்பிக்கப் போகிற பஸ், ஒரு சந்தியால்தான் போகும். ஒரு காலமை அந்தச் சந்திக் கம்பத்தில் கட்டியபடி ஒருவர். தலை தொங்கிக்கொண்டு. பஸ்ஸுக்குள் இருந்த என் வகுப்புப் பிள்ளை ஒன்றின் கண்ணைப் பொத்தினேன். கழுத்து மட்டையை மட்டும் நான் வாசித்தேன், அதே சொல். பக்கத்துச் சீற்றுக்காரி "என்ன செய்தவராம்?" என்று கேட்டா. "ஏதோ செய்திருப்பார்" என்று சொன்னது நான்தான். சொல்லிவிட்டுப் போய் முதலாம் பாடம் கணக்குப் படிப்பித்தேன்.

அது யோகாவின் மனிசனாக இருக்காது. ஊர் வேறு. ஆனால் அந்த ஆளுக்கும் ஒரு பிள்ளை இருந்திருக்கும்.

இஞ்சை வந்து ஆறு வருஷம். பெர்மெஸ்ஸோ என்கிற தங்கும் அனுமதி கிடைத்தது, தைரியம் வந்தது, அந்தச் சொல்லும் லேசாகிவிட்டது. பந்துக்காரருக்கு எறிந்து விளையாடுகிற அளவுக்கு லேசு.

புதன், 5 மார்ச்

முகில். கால் உளைவு.

சிஞ்ஞோராவின் மனிசனுக்கும் கறுப்பு வெள்ளைப் பைத்தியம். ரோஸ் கறுப்புத் தோற்றால் மறுநாள் நான் கூட்டுகிற தும்புத்தடியில் கறுப்பு வெள்ளைக் கொடி கட்டியிருக்கும். நான் சிரிப்பேன். உண்மையாகவே சிரிப்புத்தான். ஒருநாள் மட்டும், "உங்கள் ஆட்களுக்கு எங்கே பந்து, ஒருவரையொருவர் சுடத்தானே நேரம்" என்றார். அதற்கும் சிரித்தேன். சம்பளக்காரி சிரிக்காமல் என்ன செய்வாள். "பகிடிதானே" என்றார் அவர். நானும் யோகா வாசலில் அதே சொல்லைத்தான் சொன்னேன்.

பேப்பரில் எழுதிப் பார்த்தேன்.
பகிடி விடலாம்: அணி. கோல் விட்ட கீப்பர். ஸ்கார்ஃப். என் உச்சரிப்பு. என் ரோஸ் கறுப்பு.
கூடாது: தகப்பன், தாய். ஊர். ஆர் எந்தப் பக்கம் என்பது.
பிறகு பார்த்தால் அணி என்பதே எந்தப் பக்கம் என்பதுதானே. கிழித்துப் போட்டேன். எந்தப் பிள்ளை எதைச் சுமந்துகொண்டு வாங்கிலில் இருக்கிறது என்று தெரியாமல் கோடு கீறி என்ன பிரயோசனம்.

துளசிக்குப் பதில் எழுத இருந்தேன். "அன்புள்ள" வரை. நாளைக்கு தர்ஷினி வரவேண்டும். வந்து என்னை ஏசினாலும் பரவாயில்லை.

வியாழன், 6 மார்ச்

நல்ல வெயில். பஸ்ஸில் ஒரு கிழவர் கை நிறைய மிமோசாப் பூ. ஹீட்டர் திருத்தியாச்சு, இனித் தேவையில்லாத நேரத்தில்.

வெள்ளனப் போய்ப் பழைய மட்டைகள் முழுவதையும் குப்பைத் தொட்டியில் போட்டேன். பிள்ளைகளுக்குச் சொன்னேன், இனி மட்டை இல்லை. "அப்ப பந்து கதைக்கிறேல்லையோ ரீச்சர்?" கதைக்கலாம் என்றேன். ஒன்றிரண்டு பேர் கொப்பியை எடுத்தார்கள்.

மூன்றரைக்கு யோகாவும் தர்ஷினியும். ஸ்கார்ஃப் இல்லை. முன் வாங்கிலுக்கு வரவில்லை, கடைசி வாங்கிலில் போய் இருந்தாள். யோகா வெளியே நடையில் நின்றாள். நான் பாடத்தை விட்டுவிட்டு ஓடிப்போய்க் கட்டிப்பிடிக்க வேண்டும் போல. போகவில்லை. கரும்பலகையில் பத்துச் சொல் எழுதினேன். அவள் பத்தும் பிழையில்லாமல் எழுதினாள். கொப்பியைத் திருத்தி, நல்லது என்று சின்னதாக எழுதினேன்.

எல்லோரும் போனபிறகு நின்றாள்.

"தர்ஷினி, ரீச்சர் செய்தது பிழையம்மா. அந்தச் சொல்லை உன்ர கழுத்தில போட்டிருக்கக் கூடாது. மன்னிச்சுக்கொள்."

தலையாட்டினாள். பிறகு மெதுவாக, தாய்க்குக் கேட்காமல்:

"அப்பாவுக்கும் பகிடிக்குத்தானே ரீச்சர் போட்டவை?"

ஓம் என்று சொல்ல எவ்வளவு ஆசையாக இருந்தது. அவள் முகம் அதைத்தான் கேட்டது.

"இல்லையம்மா."

"அப்ப எனக்குப் போட்டது?"

கையைப் பிடிக்கப் போனேன். தரவில்லை.