மலைக்குப் போகும் நாளில் போடாத குளிசை

செவ்வாய்க்கிழமை இரவு, பதுளை.

பதுளை ஆஸ்பத்திரி மருந்தாளர் நளினி இன்றிலிருந்து வார்டுக்கே வந்து நோயாளிகளைப் பார்க்கிறார். செய்தி எடுக்கப் போன என்னிடம் வார்டு டொக்டரே உறுதிப்படுத்தினார். இத்தனை காலம் யன்னலுக்குப் பின்னால் மருந்து கொடுத்தவர் கட்டிலோரம் நின்றதை நேரில் பார்த்தேன்.

லுணுகலைப் பக்கத் தேயிலை மலையில் கொழுந்து பறிக்கும் செல்லம்மாவுக்குப் பிரஷர் குறையவே இல்லை. டொக்டர் பிரஷர் குளிசையின் அளவைக் கூட்ட இருந்தார்.

"தெனமும் போடுறீங்களாக்கா?" என்று நளினி கேட்டார்.

"வேலை நாள்ல போடுறதில்ல மிஸ். போட்டா அடிக்கடி ஒண்ணுக்கு வருது. மலையில எங்க போறது? மறைப்புக்குக் கங்காணி ஐயாவா குடை புடிப்பாரு?"

வார்டே சிரித்தது. நளினி டொக்டரிடம் போய், இவர் வேலை நாளில் குளிசை போடுவதில்லை, அளவைக் கூட்டினால் போடும் நாளில் பிரஷர் அதிகம் இறங்கி ஆபத்து, சிறுநீரைக் கூட்டாத வேறு குளிசை கொடுக்கலாம் என்றார். டொக்டர் அங்கேயே மாற்றி எழுதினார்.

எத்தனையோ வருடமாக ஆஸ்பத்திரிச் செய்தி எழுதுகிறேன். இந்தக் கேள்வியை யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை.

மருந்தாளர் வார்டுக்கு வருவது இப்போதைக்குச் சோதனை முயற்சிதான். தொடருமா என்பதை ஆஸ்பத்திரிப் பணிப்பாளர் வெள்ளிக்கிழமை சொல்வார். செல்லம்மா மலைக்குப் போகும் நாளிலும் குளிசை போடுகிறாரா என்பது அடுத்த மாதக் கிளினிக்கில்தான் தெரியும். அதற்கு முன் செய்தியாக எழுதக் கூடாது. ஆனால் தலைப்பு இப்போதே மனதில் ஓடுகிறது.