தட்டின் பின்பக்கம்

2006 ஜூன் 11, ஞாயிறு

இன்று சொல்லாதது: உன்னைப் பார்க்கத்தான் வருகிறேன்.

"பாட்டு கேக்கத்தான் வரியா?" என்று ஜெரின் கேட்டான். "பின்ன வேற எதுக்கு?" என்றேன்.

ஜெரின் என் தோழி ஜாஸ்லினின் அண்ணன். அவர்கள் அப்பா லூர்துநாதன் பிரெஞ்சு ராணுவத்திலிருந்து ஓய்வுபெற்று வந்தபோது கொண்டுவந்த இசைத்தட்டுகளில், ஐம்பதுகளின் அமெரிக்க ராக் அண்ட் ரோல் பாட்டு ஒன்று இருக்கிறது. அதைப் பற்றிச் சிற்றிதழுக்குக் கட்டுரை எழுதுவதாகச் சொல்லி நாலு ஞாயிறாகப் போகிறேன்.

ஜூன் 14

பிரவுசிங் சென்டரில் இரண்டு மணி நேரம். பாட்டின் பதிவு நாளன்று குழு வந்த படகு மணல்திட்டில் மாட்டிக்கொண்டதாம். மிஞ்சிய நேரத்தில் பெரும்பகுதியை வேறொரு பாட்டு தின்றுவிட்டது. இந்தப் பாட்டை இரண்டே தடவை பாடி, தட்டின் பின்பக்கத்தில் போட்டார்கள். யாரும் பெரிதாகக் கவனிக்கவில்லை. மறுவருடம் ஒரு சினிமாவின் தொடக்கத்தில் ஒலித்த பிறகுதான் ஊரே எழுந்து ஆடியது.

ஜூன் 15

கிட்டார் வாசித்தவர் பதிவு முடிந்து பத்து வாரத்துக்குள் படியில் விழுந்து இறந்துபோனார். பாட்டு ஜெயித்தது அவருக்குத் தெரியாது.

ஜூன் 18, ஞாயிறு

கிட்டார் வரும் இடத்தில் ஜெரின் முள்ளைத் தூக்கி மறுபடி வைத்தான், நான் கேட்காமலே. பிரான்சுக்குப் போவதா என்று யோசிப்பதாகச் சொன்னான். சொல்லிவிட்டு என்னைப் பார்த்தான்.

அப்போது அவன் அம்மா ரோசா ஆன்ட்டி காபியோடு வந்தார். "பிரெஞ்சு நேஷனாலிட்டி இருக்கற பையன்னா போதும், இந்த ஊர்ல ஈ மாதிரி மொய்க்கறாங்க. கல்யாணத் தரகர் விடமாட்டேங்கறாரு. நீ வரதப் பாத்துட்டு எதிர்வீட்டுக்காரி, 'உங்க பையன் பாஸ்போர்ட்டுக்கு ஆள் வந்துடுச்சா'ன்னு கேக்கறா." சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

எனக்கு முகம் எரிந்தது. "நேஷனாலிட்டி இருக்கறவனை சத்தியமா கட்டிக்க மாட்டேன் ஆன்ட்டி."

ஜெரின் தட்டை எடுத்து உறையில் போட்டான்.

ஜூன் 19

யாருடி உன்ன சத்தியம் பண்ணச் சொன்னா? எதிர்வீட்டுக்காரி என்ன நெனச்சா உனக்கென்ன?

ஜூலை 2

ஜாஸ்லின் போன் செய்தாள். "அண்ணன் டிக்கெட் போட்டுட்டான்டி. அங்க ராணுவத்துல சேரப் போறானாம். போகவே மாட்டேன்னு இங்கயே கதிர்காமத்துல வேலைக்கு எழுதிப் போட்டவன், திடீர்னு என்ன ஆச்சோ."

என்ன ஆயிற்று என்று எனக்குத் தெரியும். "அப்படியா" என்றேன்.

ஆகஸ்ட் 27

விமான நிலையத்துக்குப் போகும் வேனில் காலாப்பட்டு வரை என்னையும் ஏற்றிக்கொண்டார்கள். எனக்கும் அவனுக்கும் நடுவில் ரோசா ஆன்ட்டி. அன்று சொன்னது பொய் ஜெரின் — இவ்வளவுதான். வழியெல்லாம் மனதுக்குள் சொல்லிப் பார்த்தேன். நான் படிக்கும் பல்கலைக்கழக வாசலில் இறங்கினேன்.

"கட்டுரை வந்தா அனுப்பு" என்றான்.

"அனுப்பறேன். உடம்பப் பாத்துக்க."

வேன் திரும்பும்வரை நிற்கக்கூட இல்லை. வகுப்பு இருப்பதுபோல் நடந்தேன். ஞாயிற்றுக்கிழமை ஏது வகுப்பு?

நவம்பர் 3

கட்டுரை வெளிவந்தது. அனுப்பினேன்.

டிசம்பர் 20

பதில் இல்லை.

2008 ஜனவரி 9

பிரெஞ்சுத் தூதரக அறிவிப்புப் பலகையில் திருமண அறிவிப்பு ஒட்டியிருக்கிறது. அவன் பெயரை இரண்டு முறை படித்தேன். பக்கத்துப் பெயரை ஒருமுறை.

ஜனவரி 26, சனி

காலை பத்தரைக்கு ஜெரினுக்கு மாதா கோயிலில் திருமணம் நடந்தது. பெண் காரைக்கால், நேஷனாலிட்டி இல்லாத வீடு. பந்தியில் ரோசா ஆன்ட்டி எனக்கு இன்னொரு கரண்டி பிரியாணி வைத்துவிட்டு, விசா வந்ததும் மருமகள் பாரிசுக்குப் போய்விடுவாள் என்றார்.